1/72 பிளாஸ்டிக் விமான மாடல்: ஸ்ப்ரூவிலிருந்து கடைசி வார்னிஷ் வரை முழுமையான வழிகாட்டி

பெயிண்ட் அடித்து முடித்த மாடலில் கண்ணை உறுத்தும் குறைகளில் பாதிக்கு மேல் பெயிண்ட் அடிப்பதற்கு வெகு முன்பே உண்டானவை. உடலின் முதுகில் ஓடும் மெல்லிய கோடு, பசை காயும் முன் உப்புத்தாள் போட்டதால் வந்தது. டீகேலுக்கு (நீரில் நனைத்து ஒட்டும் குறிப்படம்) அடியில் வெள்ளி போல மின்னும் திட்டு, அதற்கு முந்தைய வார்னிஷ் போதிய வழவழப்பு இல்லாததால் வந்தது. பெயிண்ட் எதையும் மறைக்காது, காட்டித்தான் கொடுக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் பின்னால் என்ன கெடும், ஏன் கெடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எந்த அளவு, எந்த விமானம்

1/72 என்றால் நிஜ விமானத்தின் 72 மி.மீ. மாடலில் 1 மி.மீ. ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம் ஆகிறான். ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11.23 மீட்டர், 1/72இல் 156 மி.மீ., 1/48இல் 234 மி.மீ., 1/32இல் 351 மி.மீ. வரும். 1/72 மேசையில் இடம் அடைக்காது, பெயிண்டும் குறைவாகவே செலவாகும். ஆனால் பாகங்கள் மிகச் சிறியவை. விரலும் கண்ணும் சற்றுச் சிரமப்படும் என்றால் 1/48 எடுப்பதே நல்லது. காசு கொஞ்சம் கூடினாலும் வேலை எளிது.

முதல் கிட்டாக இரண்டாம் உலகப் போர்க் கால ஒற்றை எஞ்சின் போர் விமானம் ஒன்றை எடுங்கள்: ஸ்பிட்ஃபயர், பிஎஃப் 109, பி-51 போன்றவை. இரட்டை அடுக்கு இறக்கை விமானங்களில் மேல் இறக்கையைத் தூண்கள்மேல் கோணல் இல்லாமல் உட்கார வைப்பதும் கம்பி இழுப்பதும் தனிப் பயிற்சி கேட்கும். பளபளக்கும் வெற்று அலுமினிய நிற விமானமும் முதலில் வேண்டாம். 1000 நம்பர் உப்புத்தாளின் கீறல்கூட அதில் தெரியும்.

பெட்டியின் படம் புதிது என்பதால் உள்ளே இருக்கும் அச்சும் புதிது என்று எண்ண வேண்டாம். ஏர்ஃபிக்ஸ் தன் முதல் ஸ்பிட்ஃபயர் கிட்டை 1953இல் வெளியிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை பல நிறுவனங்கள் ஒரே விமானத்துக்குப் பல தலைமுறை அச்சுகளைச் செய்திருக்கின்றன. பழையவை புதுப் பெட்டியில் மீண்டும் மீண்டும் வருகின்றன. பேனல் கோடுகள் (விமானத் தகடுகள் சேரும் கோடுகள்) மேடாக இருந்தால் அது பெரும்பாலும் பழைய அச்சு. உப்புத்தாள் படும் இடமெல்லாம் அந்தக் கோடுகள் அழிந்துபோகும். பள்ளமான கோடுகள் உள்ள, அண்மைக் கால அச்சைத் தேடி எடுங்கள்.

கருவிகள்

அதிகம் தேவையில்லை. ஒரு பக்கம் தட்டையான ஸ்ப்ரூ கட்டர் (பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டமே ஸ்ப்ரூ), 11 நம்பர் பிளேடு போட்ட கத்தி, வெட்டும் மேட், நுனி கூரான ட்வீசர், 400, 600, 1000, 2000 நம்பர் உப்புத்தாள், 6 மற்றும் 10 மி.மீ. மாஸ்கிங் டேப், மெல்லிய திரவப் பசை, சூப்பர் க்ளூ, வெள்ளை பிவிஏ பசை, சில துணிக் கிளிப்புகள், பட்ஸ், பல்குச்சி. பிளேடுகளை மட்டும் தாராளமாக வாங்கி வையுங்கள். மொட்டைப் பிளேடுக்கு அழுத்தம் கூட்ட வேண்டியிருக்கும், அழுத்தம் கூடினால் கத்தி வழுக்கும், விரலில்தான் வந்து நிற்கும்.

கழுவுவதும் வெட்டுவதும்

அச்சிலிருந்து பாகங்கள் எளிதில் கழல்வதற்குப் பூசிய எண்ணெய்ப் பசை ஸ்ப்ரூவில் தங்கியிருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷால் மெல்லத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். நீர் சூடாக இருந்தால் மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

பாகத்தை ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். முதல் வெட்டு பாகத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி, மீதி முளையைக் கத்தியால் சீவி, 600 நம்பர் தாளால் சமன் செய்யுங்கள். ஒட்டி வெட்டினால் கட்டரின் அழுத்தம் பிளாஸ்டிக்கைப் பிய்த்து, ஓரத்தில் பள்ளமோ வெளுத்த தழும்போ விழும். லேண்டிங் கியர் கால், ஆன்டெனா தூண் போன்ற மெல்லியவற்றுக்கு முதலில் சுற்றியுள்ள ஸ்ப்ரூ சட்டத்தை இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிடுங்கள். சட்டத்தின் இழுவிசை போன பிறகு பாகத்தை எடுத்தால் முறியாது. ஒளி ஊடுருவும் கேனபி (விமானி அறையின் கண்ணாடி மூடி) பாகங்கள் மற்றதைவிட நொறுங்கும் தன்மை கொண்டவை. அவற்றைக் கட்டரால் கடிக்காமல் மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுப்பது பாதுகாப்பு.

எல்லாப் பாகங்களையும் முதல் நாளே வெட்டிக் குவிக்க வேண்டாம். எண் ஸ்ப்ரூவில்தான் இருக்கிறது, பாகத்தில் இல்லை.

பசை இல்லாமல் ஒருமுறை

ஒட்டுமுன் டேப்பால் மட்டும் சேர்த்துப் பார்ப்பது, அவசரத்தில் பலர் தாண்டிப் போகும் கட்டம். உடலின் இரண்டு பாதிகள், காக்பிட் தொட்டி, இறக்கை எல்லாவற்றையும் டேப் போட்டுச் சேர்த்து எங்கே இடைவெளி, எங்கே படி விழுகிறது என்று பாருங்கள். பாதிகள் மூடாமல் நின்றால் பெரும்பாலும் காக்பிட் தொட்டியோ அதன் முன்பின் தடுப்போ அரை மி.மீ. அகலமாக இருக்கும். தேய்த்துக் குறையுங்கள். வழிகாட்டி ஊசிகள் பாதிகளைத் தவறான இடத்தில் பிடித்தால் ஊசிகளை அறுத்துவிட்டுக் கையால் பொருத்துங்கள். இப்போது ஐந்து நிமிடம் தேய்த்தால் பின்னால் ஒரு மாலை முழுக்கப் புட்டி போடும் வேலை மிச்சம்.

காக்பிட்

மூடிய பிறகு உள்ளே பிரஷ் நுழையாது. ஆகவே உள்பக்கச் சுவர், இருக்கை, தரை எல்லாவற்றையும் இப்போதே முடிக்க வேண்டும். பிரிட்டிஷ் விமானம் என்றால் சாம்பல் கலந்த பச்சை. உண்மை நிறத்தைவிட ஒரு படி வெளுப்பாகக் கலந்து அடியுங்கள். சிறிய இருண்ட குழிக்குள் சரியான நிறம்கூடக் கறுப்பாகத்தான் தெரியும். காய்ந்ததும் கரும்பழுப்பு வாஷ் (இடுக்குகளில் ஓடித் தங்கும் மிக நீர்த்த பெயிண்ட்) விட்டு, விளிம்புகளில் வெளிர்ச் சாம்பல் பெயிண்டை ஏறத்தாழ முழுவதும் துடைத்த பிரஷால் உரசுங்கள்.

இருக்கைப் பட்டைகளுக்கு மாஸ்கிங் டேப்பே போதும். நிஜத்தில் 5 செ.மீ. அகலப் பட்டை 1/72இல் 0.7 மி.மீ. மூடிய கேனபி வழியே இந்த அளவில் தெரிவது இருக்கை, பட்டை, முன்பலகை இவைதான். மற்றதற்காக வாரக்கணக்கில் உழைக்க வேண்டியதில்லை.

மூக்குச் சக்கரம் உள்ள விமானங்களில் இன்னொரு வேலை உண்டு. பி-38, பி-39, மெ 262, மிக்-15 போன்றவை எடை வைக்காவிட்டால் வாலில் உட்காரும். உடல், இறக்கை, வால் எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து, முதன்மைச் சக்கரம் வரும் இடத்தில் இரு விரலால் தாங்கிப் பிடியுங்கள். மூக்கு தெளிவாகத் தாழும்வரை மூக்குக்குள் தூண்டில் ஈயக் குண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போங்கள். இறுதியில் சேரும் பெயிண்டும் சிறு பாகங்களும் பின்பக்கம்தான் கூடும், அதற்காக ஒன்றிரண்டு குண்டு அதிகம் வையுங்கள். குண்டுகளை எபாக்ஸியால் பதியுங்கள். பிவிஏ வேண்டாம். அது ஈயத்தோடு வினைபுரிந்து வெள்ளைப் பொடியாகப் பெருத்து, சில ஆண்டுகளில் உடலையே பிளந்துவிடும்.

ஒட்டுவது

மாடல் பசை உண்மையில் கரைப்பான். பாலிஸ்டைரீனை இளக்கி இரண்டு பாகத்தையும் ஒன்றாகக் கலக்கவைக்கிறது. கரைப்பான் ஆவியானதும் அந்த இடம் ஒரே பிளாஸ்டிக் ஆகிவிடும். இதைப் புரிந்துகொண்டால் பசை வேலையின் மற்ற விதிகள் தானாக விளங்கும். பெயிண்ட் பட்ட இடத்தில் ஒட்டாது, அதனால் ஒட்டும் விளிம்பைச் சுரண்டிச் சுத்தமாக்க வேண்டும். பாலிஸ்டைரீன் அல்லாத ரெசின், உலோகப் பாகங்களையும் ஒட்டாது. அவற்றுக்குச் சூப்பர் க்ளூ.

உடல் பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, பசைப் பிரஷின் நுனியால் கோட்டைத் தொடுங்கள். தமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற மெல்லிய பசை தானே இடுக்கில் ஓடிவிடும். இரண்டு மூன்று செ.மீ. நீளத்துக்கு இப்படிச் செய்து, பத்து விநாடி விட்டு, இரு பாதியையும் அழுத்துங்கள். கோடு நெடுக இளகிய பிளாஸ்டிக் மெல்லிய மணிபோலப் பிதுங்கி வர வேண்டும். அந்த மணிதான் உங்கள் புட்டி. பிறகு அடுத்த மூன்று செ.மீ. விரல் கோட்டின்மேல் இருக்கக் கூடாது. இடுக்கில் ஓடுகிற பசை விரலுக்கடியிலும் ஓடி, கைரேகையை அப்படியே பிளாஸ்டிக்கில் பதித்துவிடும். டேப்பின் ஓரத்திலும் இதே ஆபத்து உண்டு.

பிறகு கையை எடுத்துவிடுங்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48. தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும். ஆனால் உள்ளே கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும், பிளாஸ்டிக் சுருங்கிக்கொண்டிருக்கும். அன்றே தேய்த்துச் சமமாக்கினால் அடுத்த வாரம் அந்த இடம் தாழ்ந்து, பெயிண்டுக்கு மேலே மெல்லிய கோடாக எழும். இந்தப் பொழுதுபோக்கில் மிக அதிகமாகக் காணக்கிடைக்கும் தவறு இதுவே.

இறக்கையில் கோணம் முக்கியம். ஸ்பிட்ஃபயரின் இறக்கை வேரிலிருந்து நுனிக்கு 6 டிகிரி மேல்நோக்கிச் செல்லும். ஓர் அட்டையில் கோணமானியால் அந்தக் கோணத்தை வரைந்து, மாடலை முன்னிருந்து அதன்மேல் வைத்து இருபக்கமும் ஒப்பிடுங்கள். இறக்கை வேரில் மேல்பக்கம் இடைவெளி இருந்தால், ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு உடலின் மேலாக டேப்பை இழுத்துக் கட்டிக் காயவிடுங்கள். நுனிகள் லேசாக உயர, இடைவெளி தானே மூடும். புட்டியை விட இது எப்போதும் மேல், பேனல் விவரங்கள் கெடாது. வால் இறக்கைகளை ஒட்டியதும் முன்னாலும் மேலாலும் பாருங்கள். பசை இளகியிருக்கும் பதினைந்து நிமிடம்தான் திருத்தும் நேரம்.

இடைவெளியும் உப்புத்தாளும்

ஊசித்துளைக்கும் மெல்லிய கோட்டுக்கும் சூப்பர் க்ளூ போதும், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, தாள் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் தின்னும். கரைப்பான் கலந்த புட்டி காயும்போது சுருங்கும். ஒரே தடிப்பாக அப்பாமல் மெல்லியதாக இரண்டு முறை போடுங்கள். இறக்கை வேர் போன்ற தேய்க்க முடியாத மூலைக்கு நீரில் கரையும் அக்ரிலிக் புட்டியை விட்டு, ஈரப் பட்ஸால் துடைத்துவிட்டால் இடைவெளிக்குள் இருப்பது மட்டும் தங்கும். உப்புத்தாளே தேவையில்லை.

தேய்ப்பதை 400இல் தொடங்கி 600, 1000 என்று போங்கள், நீரில் நனைத்தே தேய்யுங்கள். தூசி பறக்காது, தாளும் அடைபடாது. உடல் உருண்டை என்பதால் வளைந்து கொடுக்கும் தாளைப் பயன்படுத்துங்கள். கட்டைத் தாள் முதுகைத் தட்டையாக்கிவிடும். அழிந்த பேனல் கோட்டை, தடித்த லேபிள் டேப்பை விளிம்பாக ஒட்டி ஊசி முனையால் மூன்று நான்கு முறை மெல்ல இழுத்து மீட்கலாம். ஒரே அழுத்தில் இழுத்தால் ஊசி ஓடிவிடும்.

கேனபி

கேனபியைச் சூப்பர் க்ளூவால் ஒட்டவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படியும். பிவிஏ பசை போதும், வழிந்தால் ஈரப் பட்ஸால் துடைக்கலாம். கண்ணாடிப் பகுதிகளில் டேப் ஒட்டி, பல்குச்சியால் சட்டத்தின் ஓரமாக அழுத்தினால் கோடு தெரியும்; புதுப் பிளேடால் அழுத்தமில்லாமல் வெட்டி எடுங்கள். சட்டத்தில் முதலில் காக்பிட் நிறத்தையும் அதன்மேல் வெளி நிறத்தையும் அடித்தால், உள்ளிருந்து பார்க்கையில் சட்டம் சரியான நிறத்தில் தெரியும்.

ப்ரைமர்

மாடலை ஒருமுறை துடைத்து, கைப்படாமல் பிடித்து, மிஸ்டர் சர்ஃபேஸர் 1000 அல்லது 1200 போன்ற சாம்பல் ப்ரைமரை மெல்லிய படலமாக அடியுங்கள். இது பெயிண்ட் பிடிப்பதற்கு மட்டுமல்ல. விதவிதமான பிளாஸ்டிக், புட்டி நிறங்களில் மறைந்திருந்த கீறலும் பள்ளமும் ஒரே சாம்பலில் வெளிப்படும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு கோட்டையும் பாருங்கள். குறை கண்டால் நிரப்பி, தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மீண்டும் ப்ரைமர். மூன்று சுற்று ஆனாலும் வருந்த வேண்டாம்.

பெயிண்ட்

கரைப்பான் லாக்கர் வேகமாகக் காய்ந்து உறுதியாகப் பிடிக்கும், நாற்றமும் அதிகம். எனாமல் வழவழப்பாகப் பரவும், ஆனால் காய நாட்கள் ஆகும். நீர் அக்ரிலிக்கான வலேஹோ கைப்பிரஷுக்கு ஏற்றது. தமியாவின் அக்ரிலிக் ஆல்கஹால் சார்ந்தது. ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் கருவி) அருமை, கைப்பிரஷில் இரண்டாம் படலம் முதலாவதை இளக்கிக் கிழிக்கும். எனாமல்மேல் லாக்கர் அடிக்கக் கூடாது, சுருங்கிச் சுருக்கம் விழும். லாக்கர் கீழே, எனாமல் மேலே என்ற வரிசை பாதுகாப்பு.

லாக்கரோ எனாமலோ ஏர்பிரஷில் அடிக்கும்போது கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் கட்டாயம். துணி மாஸ்க் பெயிண்ட் துகளில் சிறிதைத் தடுக்கலாம், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. காற்று வெளியேறும் வழியும் வேண்டும்.

ஏர்பிரஷ் 0.3 மி.மீ. நாசில், இரட்டை இயக்கம் (காற்றையும் பெயிண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்துவது) கொண்டது போதும். பெயிண்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும்: கிண்ணத்தின் சுவரில் ஏற்றிவிட்டால் மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும். தமியா அக்ரிலிக்கில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு தின்னர், மெல்லிய வேலைக்கு இரண்டு பங்கு. அழுத்தம் 15 பிஎஸ்ஐ அளவில், தூரம் 5 முதல் 8 செ.மீ. முதலில் பிளாஸ்டிக் கரண்டியில் சோதியுங்கள். சொரசொரப்பாக விழுந்தால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. கிட்டே வாருங்கள், தின்னர் கூட்டுங்கள், அழுத்தம் குறையுங்கள். சிலந்திக் கால்போல ஓடினால் மிக நீர்த்தது, அல்லது மிகக் கிட்டே பிடித்திருக்கிறீர்கள். நடுவில் தெறித்தால் ஊசி நுனியில் பெயிண்ட் காய்ந்திருக்கும். தின்னர் நனைத்த பட்ஸால் துடையுங்கள்.

கைப்பிரஷ் என்றால் தட்டையான 6 மி.மீ. பிரஷ், சிறிது நீர் கலந்த பெயிண்ட், மூன்று நான்கு மெல்லிய படலம், அடுத்த படலம் முந்தையதற்குக் குறுக்காக. பாதி காய்ந்த இடத்தில் பிரஷ் திரும்பப் போகக் கூடாது.

நிறம் வரலாற்றோடு ஒத்துப்போக வேண்டும். 1940 ஜூனிலிருந்து பிரிட்டிஷ் போர் விமானங்களின் அடிப்பக்கம் வெளிர்ப் பச்சை சாயலுள்ள ஸ்கை நிறம், மேலே அடர்பச்சையும் மண்பழுப்பும். 1941 ஆகஸ்டில் பழுப்பு போய் கடற்சாம்பல் வந்தது, அடிப்பக்கம் வெளிர்ச் சாம்பலானது. அந்த இரண்டாவது திட்டத்துக்குத் தமியாவில் எக்ஸ்எஃப்-81, 82, 83 என்ற மூன்றும் நேராகக் கிடைக்கின்றன. உங்கள் டீகேல் எந்த மாதத்து விமானம் என்று பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள்.

வெளிர் நிறம் முதலில். இறக்கை முன்விளிம்பின் மஞ்சளுக்குக் கீழே வெள்ளை அடித்தால்தான் மஞ்சள் அழுக்காகத் தெரியாது. பிறகு அடிப்பக்கம், அதை மூடிவிட்டு மேல்நிறங்கள். உருமறைப்புத் திட்டுகளின் விளிம்பைக் கவனியுங்கள்: நிஜத்தில் 2.5 செ.மீ. புகைந்த விளிம்பு 1/72இல் 0.35 மி.மீ. மட்டுமே. கையால் ஸ்ப்ரே செய்த அகன்ற மங்கல் விளிம்பு மாடலைப் பொம்மையாக்கிவிடும். ப்ளூ டேக்கை (ஒட்டி எடுக்கக்கூடிய களிமண் போன்ற பசை) 3 மி.மீ. கயிறாக உருட்டி எல்லையில் ஒட்டி, உள்ளே டேப்பால் மூடி, ஏர்பிரஷை நேர் செங்குத்தாகப் பிடித்து அடித்தால் இந்த அளவு வந்துவிடும். டேப்பை எடுக்கும்போது தன்மேலேயே மடித்து மெல்ல இழுங்கள்.

டீகேல்

மேட் (பளபளப்பில்லாத) பெயிண்டின் மேற்பரப்பு நுண்ணளவில் மேடுபள்ளம். அதன்மேல் டீகேல் ஒட்டினால் பள்ளங்களில் காற்று தங்கி வெள்ளித் திட்டாகத் தெரியும். ஆகவே கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் இரண்டு மெல்லிய படலம் அடித்து, ஒருநாள் காயவிடுங்கள். பிறகு:

டீகேலைப் படத்தின் ஓரமாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் பத்து விநாடி முக்கி எடுத்து, ஈரத் தாளில் ஒரு நிமிடம் வையுங்கள். நீரிலேயே கிடந்தால் பசை கரைந்து போகும். மாடலில் மைக்ரோ செட் (டீகேல் படிந்து ஒட்ட உதவும் திரவம்) தடவி, டீகேலை பிரஷால் நகர்த்தி வைத்து, பட்ஸை உருட்டி நீரை வெளியேற்றுங்கள். பின் மேலே மைக்ரோ சால். இது டீகேலை இளக்கும்; அது சுருங்கிக் கந்தலாகத் தெரியும். அந்த நேரத்தில் கை வைத்தால் கிழிந்துவிடும். விட்டுவிட்டால் காயும்போது பேனல் கோட்டுக்குள் தானே இறங்கும். குமிழ் நின்றால் ஊசியால் குத்தி இன்னொரு முறை விடுங்கள். பழைய கிட்டின் டீகேல் நீரில் சிதறக்கூடும். தேவைப்படாத ஒன்றை முதலில் சோதித்து, சிதறினால் மற்றவற்றின் மேல் கிளாஸ் வார்னிஷ் அடித்துக் காயவைத்த பின் பயன்படுத்துங்கள்.

மறுநாள் ஈரத்துணியால் பசைக் கறையைத் துடைத்து, இன்னொரு கிளாஸ் படலம்.

வாஷும் தேய்மானமும்

அக்ரிலிக் அல்லது லாக்கர் வார்னிஷ்மேல் எனாமல் வாஷ் விடலாம், அது கீழே உள்ளதைக் கரைக்காது. கறுப்பு வேண்டாம், பச்சை, பழுப்புக்குக் கரும்பழுப்பு, வெளிர் அடிப்பக்கத்துக்கு நடுத்தரச் சாம்பல். கோட்டில் பிரஷ் நுனி பட்டால் தானே ஓடும். அரைமணி கழித்து, காற்று ஓடும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள்.

பெயிண்ட் உரிந்த அடையாளங்களை அளவோடு வையுங்கள். 2 செ.மீ. உரிவு 0.28 மி.மீ. புள்ளி. ஸ்பிட்ஃபயரின் காக்பிட் கதவு இடப்பக்கம், விமானி ஏறுவது இடது இறக்கை வேரில். தேய்மானம் அங்கேதான் நியாயம். புகைபோக்கிக் கறை பின்னோக்கி மங்கிக்கொண்டே போக வேண்டும். மிக நீர்த்த கரும்பழுப்பை நாலைந்து தடவை அடித்து ஏற்றுங்கள்.

மேட் வார்னிஷைப் போத்தலின் அடிவரை நன்றாகக் கலக்குங்கள். மேட் தரும் பொடி அடியில் தங்கினால் பளபளப்பும், இறுதியில் எஞ்சியதை அடித்தால் வெண்தூளும் விழும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லாக்கர் வார்னிஷ் வெளுத்துவிடும். அன்று அடிக்காமல் இருப்பதே மருந்து.

கடைசிப் பாகங்கள்

லேண்டிங் கியர், கதவுகள், புரொப்பல்லர், ஆன்டெனா எல்லாம் இப்போதுதான். சக்கரக் கால்களை ஒட்டியதும் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் கோணம் பாருங்கள். சக்கரத்தின் அடியை அரை மி.மீ. தேய்த்துத் தட்டையாக்கினால் விமானத்துக்கு எடை இருப்பதுபோல் தெரியும். ஆன்டெனா கம்பிக்கு ஸ்ப்ரூத் துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே உருட்டி, இளகியதும் சுடரை விட்டு விலக்கி நிதானமாக இழுங்கள். மெல்ல இழுத்தால் தடித்த நூல், வேகமாக இழுத்தால் மயிரிழை. சூப்பர் க்ளூவை ஊசி நுனியில் தொட்டு ஒட்டுங்கள்.

கேனபியின் டேப்பை எல்லாவற்றுக்கும் பின்னால் எடுங்கள். ஓரத்தில் பெயிண்ட் கசிந்திருந்தால் கத்தி வேண்டாம். பல்குச்சியின் நுனியை உளிபோலச் சீவி, சிறிது நீரில் நனைத்துச் சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழாமல் கசிவு மட்டும் வந்துவிடும்.